காலி பென்டிரைவில் ஒன்பது ஜிபி

பிப்ரவரி 10, திங்கள்

என் பெயர் பேச்சியம்மாள். வீட்டில் பேச்சி. இப்படி ஒரு பெயரை வைத்துவிட்டு, "வகுப்பில் பேசாதே" என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சி பேசாமல் பிறகு யார் பேசுவது?

இந்த டைரியை அம்மா படிப்பாள் என்பது எனக்குத் தெரியும். எனவே சில விஷயங்களை எழுதமாட்டேன். எழுதாததை அவளால் படிக்க முடியாது.

ஜூன் மாதத்தில் வகுப்பு டீச்சர் என்னைப் பிரின்சி பக்கத்தில் உட்காரவைத்தார். பிரின்சிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பலகையில் எழுதுவதை யாராவது அவளுக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். "எப்படியும் நீ பேசத்தான் போற. அதப் பிரயோஜனமாப் பேசு," என்றார். அது தண்டனையா பதவியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிரின்சியின் லேப்டாப் பேசும். திரையில் இருப்பதையெல்லாம் ஒரு குரல் வாசிக்கும். அவள் வைத்திருக்கிற வேகத்தில் எங்கள் யாருக்கும் ஒரு சொல் பிடிபடாது. எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல இருக்கும். அதனால் அந்தக் குரலுக்குக் கடுகு என்று நான்தான் பெயர் வைத்தேன். இப்போது அவளே, "இரு, கடுகு என்ன சொல்லுதுன்னு கேக்குறேன்," என்கிறாள்.

பாடங்களையும் அவள் காதால்தான் படிக்கிறாள். அவளுடைய பெரியம்மா மகள் ஜெனிட்டா எல்லாப் பாடத்தையும் வாசித்துப் பதிவுசெய்து கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். பொங்கலுக்கு முன்னால் லேப்டாப் செத்துப் பிழைத்தது. பிழைத்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. நல்லவேளையாக ஒரு பென்டிரைவில் எல்லாம் இருந்தது. அதைப் பென்சில் டப்பாவில், ரப்பருக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் வைத்திருக்கிறாள். பொதுத்தேர்வில் மார்ச் 11 வரலாறு. அவளுடைய மொத்த வரலாறும் சுண்டுவிரல் நீளம்தான்.

இன்று கம்ப்யூட்டர் பாடவேளையில் ஒரு சுற்றறிக்கை தட்டச்சு செய்தேன். "தேர்வு அழுத்தத்தைக் குறைக்கும் பொருட்டு நாளை கடைசிப் பாடவேளையில் தூக்கப் பயிற்சி நடைபெறும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் ஆளுக்கொரு தலையணையுடன் வரவும். உறை துவைத்திருத்தல் அவசியம்." அந்த உறை வாக்கியத்தில்தான் நம்பகத்தன்மையே இருக்கிறது.

ஸ்கூல் பிரிண்டருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் சுடர்க்கொடி மிஸ் உட்கார்ந்திருப்பார். எனவே மதிய உணவு நேரத்தில் கேட்டுக்கு எதிரே இருக்கும் மாரிக்கனி அண்ணன் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கொண்டுபோக ஒரு பென்டிரைவ் கிடைத்தது. அதில் என் கோப்பை வலது கிளிக் செய்து ஒளித்தும் வைத்தேன், அடுத்த பதிப்புக்கு உதவும் என்று. நானா கொக்கா. பிரிண்ட் வந்ததும் மணி அடித்துவிட்டது. பென்டிரைவில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. "இரு பிள்ள, முழுசா முடியட்டும்," என்றார் அண்ணன். பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். பிரின்சி டிபன் பாக்ஸ் கழுவிவிட்டு வரும்போது நான் பெஞ்சில் யோகி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று மாலை நோட்டீஸ் போர்டில் ஏறிய சுற்றறிக்கையை நம்பிப் பதினொரு தலையணைகள் வந்தன. ஒருத்தி போர்வையும் கொண்டுவந்தாள். தலைமை ஆசிரியை இதைச் செய்தது யார் என்று விசாரிக்கிறார். பிரின்சி என் காதில், "தூக்கத்துக்கு செய்முறைத் தேர்வு உண்டாடி?" என்று கேட்டாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கியதில் விக்கல் எடுத்துவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

காலையில் முதல் பாடவேளைக்கு டீச்சர் வரவில்லை. பிரின்சி பென்டிரைவை லேப்டாப்பில் செருகினாள். கடுகு வெடித்தது. அவள் கை அப்படியே நின்றது. ஏதோ இரண்டு விசையை அழுத்திக் குரலின் வேகத்தைக் குறைத்தாள். கடுகு மனிதர்போலப் பேசி இன்றுதான் முதல்முறை கேட்டேன்.

"பேச்சி, இது ஃபோல்டர் இல்ல."

"ஃபோல்டர்தான்டி. மஞ்சளா இருக்கு. நான் பாக்குறேன்ல."

"நீ பாக்குற. நான் கேக்குறேன். வரலாறு, ஷார்ட்கட், ஒரு கேபிங்குது. பொருளியல், ஷார்ட்கட், ஒரு கேபி. எல்லாத்துக்கும் அதே பாட்டு. எல்லாமா சேத்து அத்தன மணிநேரப் பாடம், ஒரு கேபிக்குள்ள எப்பிடி அடங்கும்?"

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு மஞ்சள் ஃபோல்டரின் மூலையிலும் எறும்பளவு ஓர் அம்புக்குறி. கண் இருக்கிற நான் அதைப் பார்க்கவில்லை. ஷார்ட்கட்டில் போகாதே என்று எல்லா டீச்சரும் தலைப்பாடாக அடித்துக்கொண்டது இதைத்தானோ என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஒன்றையும் திறக்காமல் பென்டிரைவைக் கழற்றிவிட்டாள்.

லேபில் சுடர்க்கொடி மிஸ் அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகி, 'வரலாறு' மேல் இரண்டு தட்டுத் தட்டினார். கறுப்பாக ஏதோ ஒரு நொடி கண்ணடித்துவிட்டு மறைந்தது. பாடம் திறக்கவில்லை. மிஸ் இன்னும் நாலைந்து தடவை தட்டினார். பிறகு தன் சொந்தப் பென்டிரைவைச் செருகினார். அதற்குள்ளும் இப்போது எல்லாம் ஷார்ட்கட்.

"வைரஸ்மா. உள்ள எல்லாம் போயிருச்சுபோல. இத யாருக்கும் குடுத்தியா?"

"இல்ல மிஸ். டப்பாவ விட்டு வெளிய எடுத்ததே இல்ல."

பிரின்சி மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள், அது எங்கே முடிகிறது என்று தேடுவதுபோல. தேர்வுக்கு இருபத்தேழு நாள். ஜெனிட்டா பஞ்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறாள், மறுபடி வாசிக்க அவளுக்கு நேரமில்லை.

எந்த மடச்சி இதைச் செய்தாளோ தெரியவில்லை. மாலை குழாயில் தண்ணீர் வந்தது. பதினேழு குடம் பிடித்தேன். கை வலிக்கிறது. இதற்குமேல் எழுத முடியாது.

பிப்ரவரி 13, வியாழன்

கடையில் காட்டிச் சரிசெய்து தருகிறேன் என்று பிரின்சியிடம் பென்டிரைவைக் கேட்டேன். எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அவள் கேட்கவில்லை. "யாரும் எதையும் அழிக்க வேண்டாம்னு மட்டும் சொல்லு," என்றாள்.

மாரிக்கனி அண்ணன் அதைப் பார்த்ததும், "ஓ, இதா," என்றார், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்ததுபோல.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"நம்ம சிஸ்டத்துல ரெண்டு வருசமா இருக்குபிள்ள. வர்ற பென்டிரைவுக்கெல்லாம் ஒட்டிக்கிரும். அந்த ஷார்ட்கட்டையே ரெண்டு மூணு தடவ தட்டுனா எங்கிட்டுச் சுத்தியாச்சும் தொறந்துரும். அது பாட்டுக்கு அது இருக்கு, நம்ம பாட்டுக்கு நாம இருக்கோம்."

"இப்பத் தட்டுனா தொறக்கலையே."

"தொறக்கலன்னா பார்மட் அடிச்சிரலாம். பளிச்சுனு ஆயிரும்."

பார்மட் என்றால் பென்டிரைவுக்கு மொட்டை. முடி திரும்ப முளைக்கும், பாடம் முளைக்காது. அவர் அம்புக்குறியை அந்தச் சொல்லுக்கு மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, "ஓகேவா?" என்றார். நான் மறுபடியும் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

'மறுபடியும்' என்று எழுதிவிட்டேன். அம்மா, நீ இந்தச் சொல்லைப் படிக்காதே.

பிப்ரவரி 14, வெள்ளி

பிரின்சியை நான் சாதாரணமாக நினைத்துவிட்டேன்.

காலையில் வந்ததும், "பென்டிரைவக் குடு," என்றாள். முகத்தில் ராத்திரி அழுத தடம் இருந்தது, ஆனால் குரலில் இல்லை. செருகினாள். ஃபோல்டர்களை நோக்கிப் போகவே இல்லை. வெளியிலிருந்தபடியே பென்டிரைவின் விவரத்தை வாசிக்கச் சொன்னாள். கடுகு மெதுவாகச் சொல்லிற்று: மொத்தம் பதினான்கு புள்ளி ஏதோ ஜிபி. பயன்பட்டது ஒன்பது. மீதி காலி.

"கேட்டியா?"

"என்னத்த?"

"எல்லாம் போயிருச்சுன்னா இந்த ஒன்பது யாரோடது?"

நான் வாயைத் திறந்தேன். பேச்சிக்குப் பேச்சு வரவில்லை. தேதி போட்டு வைக்க வேண்டிய சம்பவம்.

"எங்கயும் போகலடி. உள்ளதான் இருக்கு. பாடத்தையெல்லாம் ஒளிச்சு வச்சுட்டு, அதே பேர்ல வாசல்ல ஷார்ட்கட்டக் காவலுக்கு நிறுத்திருக்கு. அதத் தட்டுனா வைரஸுக்குத்தான் கதவு தொறக்கும். நேத்து எங்க அப்பா போன்ல இதையெல்லாம் தேடித் தேடி வாசிக்கவச்சுக் கேட்டேன். அப்பா ரெண்டு தடவ தூங்கிட்டாரு."

மிஸ் கம்ப்யூட்டர் படித்தவர். மாரிக்கனி அண்ணன் கம்ப்யூட்டர் வைத்தே பிழைக்கிறவர். எனக்கு இரண்டு கண் இருக்கிறது. மூன்று பேரும் பென்டிரைவைப் பார்த்துவிட்டுக் காலி என்று நம்பினோம். இவள் அதன் எடையைக் கேட்டாள்.

நாளை அவள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். போகாமல் இருக்கக் காரணம் தேடினேன். காய்ச்சல் வருவதுபோல இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போய் மாவு ஆட்டு," என்றாள்.

பிப்ரவரி 15, சனி

பிரின்சி வீட்டுக்குப் பின்னால் விசைத்தறிக்கூடம். அவள் அப்பா அங்கேதான் தறி ஓட்டுகிறார். சுவரே தடதடவென்று அதிரும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கடுகு சொல்வதைப் பிரித்துக் கேட்கிறாள். எங்கள் வீட்டில் மிக்சி ஓடினாலே எனக்குப் படிப்பு ஏறாது.

அவள் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்தாள். படம் இல்லை, பொத்தான் இல்லை, வெறும் கறுப்பில் வெள்ளை எழுத்து. லேபில் அது தெரியாமல் திறந்துகொண்டாலே நாங்கள் மவுசை விட்டுவிட்டு எழுந்துவிடுவோம்.

"உனக்குப் பயமா இல்ல?"

"எனக்கு இதான்டி வசதி. மத்ததெல்லாம் படமாக் காட்டும், கடுகு தடுமாறும். இது மட்டும்தான் எங்கிட்ட எழுத்தாப் பேசும்."

'அட்ரிப்' என்று ஒரு சொல் அடித்தாள். பின்னால் மைனஸ் எச், மைனஸ் எஸ். எச் என்றால் ஒளித்தது, அந்த அடையாளத்தைக் கழி என்று அர்த்தமாம். எஸ் என்றால் சிஸ்டம் கோப்பு என்ற பொய் வேஷம், அதையும் கழி. "எஸ் ஆனவங்கள எஸ் ஆக விடாதன்னு சொல்லு," என்றேன். இந்த வாரம் முதல்முறையாகச் சிரித்தாள். கடைசியில், உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று இரண்டு சாய்வுக்கோடு போட்டாள். ஒவ்வோர் எழுத்தையும் கடுகிடம் ஒருமுறை வாசிக்கக் கேட்டுவிட்டு என்டர் தட்டினாள்.

ஐந்து நொடி ஒன்றும் நடக்கவில்லை. தறி மட்டும் ஓடியது.

பிறகு பட்டியல் கேட்டாள். கடுகு சொல்லத் தொடங்கியது. வரலாறு, ஃபோல்டர். பொருளியல், ஃபோல்டர். தமிழ், ஃபோல்டர். ஷார்ட்கட் என்ற சொல்லே இல்லாத பெயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பிரின்சி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்திருந்தாள். ஷார்ட்கட் எல்லாவற்றையும் ஒரே வரியில் துடைத்தாள். வைரஸின் கோப்பைத் தனியே கண்டுபிடித்து அதையும் அழித்தாள். நான் அவள் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக ஒரு விசைகூடத் தட்டவில்லை.

இன்னொரு தடவை பட்டியல் கேட்டாள். கடுகு கடைசி வரை போனது.

தறிச் சத்தம் மிக அதிகமாக இருந்தது. நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மா, படித்தால் படித்துக்கொள்.

நேற்று பட்டியலின் கடைசியில் கடுகு சொன்னது இது: "சுற்றறிக்கை தலையணை. பிப்ரவரி பத்து. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு."

அந்தக் கட்டளை வைரஸ் ஒளித்தது, பேச்சி ஒளித்தது என்று பிரித்துப் பார்க்காது. ஒளிந்திருந்த எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. நானும் வரிசையில் நின்றேன்.

பிரின்சி என் கையை விட்டாள். கோபமாக உதறவில்லை. விட்டாள், அவ்வளவுதான்.

"திங்கக்கிழம. நான் டிபன் பாக்ஸ் கழுவப் போனேன்ல."

"ம்."

"மாரிக்கனி அண்ணன் கடையா?"

"ம்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே பேச்சி."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். திட்டுக்கு என்னிடம் நூறு பதில் இருக்கிறது. அவள் மறுபடி லேப்டாப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு பாடத்தின் அளவையும் வாசிக்கச் சொன்னாள். வரலாற்றில் ஏழாம் பாடமும் பதினோராம் பாடமும் முட்டை. பூஜ்யம் கேபி. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

"பென்டிரைவுல எழுதிட்டிருக்கும்போது யாரோ பிடுங்கிருக்காங்க," என்றாள்.

யாரோ என்றுதான் சொன்னாள். அது யார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்து இரண்டாம் தடவை சத்தமாகக் கேட்டேன். "மொதத் தடவயே கேட்டுச்சு," என்றாள். அதனால்தான் எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பிரார்த்தனை முடிந்ததும் தலைமை ஆசிரியை அறைக்கு நானே போய், தலையணை நான்தான், பென்டிரைவும் நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "உறை துவைத்திருத்தல் அவசியம்னு எழுதுனது யாரு?" என்று கேட்டார். அதுவும் நான்தான் என்றேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார், கோபத்தால் என்றே வைத்துக்கொள்வோம்.

லேபில் மிஸ்ஸின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வது என் தண்டனை. எனக்கு எப்படி என்று தெரியாது. பிரின்சியிடம் கேட்கவும் வாய் வரவில்லை. ஆனால் மதியம் அவளே சுவரைத் தொட்டுக்கொண்டு லேபுக்குள் வந்தாள். நான் செருகிப் பார்க்க லேபில் இருந்த ஒரு சுத்தமான பென்டிரைவை எடுத்து மூடியைக் கழற்றினேன், அந்தச் சத்தம் கேட்டதுமே, "செருகாத," என்றாள்.

"ஏன்?"

"அந்த மிஷினுக்குள்ள அது இன்னும் ஓடிட்டிருக்கு. நீ செருகுன நொடியே மறுபடி ஒளிச்சுரும். மொதல்ல வீட்டக் கழுவு, அப்புறம் விருந்தாளியக் கூப்பிடு."

லேப் கம்ப்யூட்டர் பேசாது. எனவே நான் கடுகானேன். இப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக வாசித்தேன். இருபத்தெட்டாவதில், "நில்லு. டபிள்யூ ஸ்கிரிப்ட்டா? வைரஸ் அதுல ஏறித்தான் ஓடும், அத நிறுத்து," என்றாள். நிறுத்தினேன். கம்ப்யூட்டர் எழும்போதே சேர்ந்து எழுந்துகொள்கிற வரிசையில் அதன் பெயர் இருக்கும், அதை எடு என்றாள். எடுத்தேன். அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். இப்போது பட்டியலில் அது இல்லை. பார்க்காத ஒரு திரையை, பக்கத்தில் நின்றபடி, என்னைவிடத் தெளிவாக வைத்திருந்தாள்.

சுடர்க்கொடி மிஸ் கை கட்டிக்கொண்டு பின்னால் நின்று பார்த்தார். முடிந்ததும், "பிரின்சி, என் பென்டிரைவையும் கொஞ்சம் பாக்குறியாம்மா?" என்றார்.

வெளியே வரும்போது பிரின்சி சொன்னாள்: "ஏழும் பதினொண்ணும் வேணும். உங்கிட்டப் புத்தகம் இருக்கு, வாயும் இருக்கு."

பிப்ரவரி 18, செவ்வாய்

ஏழாம் பாடம் பதிவுசெய்தேன், அம்மா போனில். சுதந்திரப் போராட்டத்தின் கடைசிக் கட்டம். நாற்பது பக்கம் மாதிரி இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

பிரின்சி கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினாள். "காய்கறி விக்கிற மாதிரி வாசிக்கிற. வருசம் வர்ற எடத்துல நிதானமாப் போ. பேர ரெண்டு தடவ சொல்லு. கமா வந்தா மூச்சு விடு, நீ செத்துற மாட்ட."

ஜெனிட்டா இதையெல்லாம் கவனித்து எழுபது பாடம் வாசித்திருக்கிறாள். பிரின்சி அதைக் கேட்டுக் கேட்டு அரையாண்டில் வரலாற்றில் எண்பத்தொன்பது எடுத்திருக்கிறாள். நான் கண்ணால் படித்து எடுத்ததை இங்கே எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

ஏழாம் பாடம் தேறியது. மூன்றாம் முயற்சி. தொண்டை கட்டிக்கொண்டது. வகுப்பில் நான் பேசாமல் இருந்ததால் டீச்சர் பயந்துபோய் வீட்டில் எதுவும் பிரச்சினையா என்று கேட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பதினோராம் பாடம், புரட்சிகள். ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். நடுவில் வீட்டுச் சத்தம் வேறு. திருத்தி வாசிக்கவா என்று கேட்டுப் பிரின்சிக்கு அனுப்பினேன். "வேண்டாம், இருக்கட்டும்," என்றாள். தேறிவிட்டதா, சலித்துவிட்டதா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

பிரின்சி எல்லாப் பாடத்தையும் மூன்று பிரதி எடுத்துவிட்டாள். ஒன்று லேப்டாப்பில். ஒன்று பழைய பென்டிரைவில், அது இப்போது கழுத்தில் சிலுவைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மூன்றாவது ஒரு புதுப் பென்டிரைவில். அதை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இத உங்க வீட்ல வையி."

"எங்க வீட்லயா?"

"எல்லாம் ஒரே எடத்துல இருந்தா ஒண்ணாத் தொலையும். வேற வீட்ல ஒண்ணு இருக்கணும்."

"வேற வீடு எத்தனையோ இருக்கேடி. மிஸ் வீடு இருக்கு."

"மிஸ் இன்னும் பாக்குறதையெல்லாம் ரெண்டு தட்டுத் தட்டுறாங்க," என்றாள். என் மூடிய விரல்களை இன்னொரு தடவை அழுத்தி, "நீ இனிமே இதத் தொடக்கூட மாட்ட. எனக்குத் தெரியும்," என்றாள்.

உண்மைதான். அம்மாவின் சேலைகளுக்கு அடியில், இரண்டு கவருக்குள் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். செருகிப் பார்க்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

தேர்வு தொடங்கியது. தமிழ். எழுதினேன்.

மார்ச் 11, செவ்வாய்

வரலாறு.

எனக்கு ஒன்றே கால் மணிக்கு முடிந்துவிட்டது. பிரின்சிக்கு ஒரு மணி நேரம் கூடுதல். அவள் தனி அறையில் விடை சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுதுவார். கேட்டுக்கு அருகே வெயிலில் நின்றேன். ஏழிலோ பதினொன்றிலோ பெரிய வினா வந்திருந்தது என்றால் அது என் குரலில்தான் அவளுக்குள் இருக்கிறது. வந்திருந்தது. ஐந்து மதிப்பெண். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள்.

இரண்டே கால் மணிக்கு வந்தாள். வெள்ளைக் கோல் தரையைத் தட்டும் வேகத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பிரெஞ்சுப் புரட்சி?"

"சொன்னேன்."

"எத்தன காரணம் சொன்ன?"

"நாலு."

"நாலுமா? புத்தகத்துலயே எனக்கு ரெண்டுதான் நின்னுச்சு."

"நீ வாசிக்கும்போது பின்னால உங்க வீட்டுக் குக்கர் விசில் அடிச்சுச்சுல்ல. அரசியல் காரணம் முடிஞ்சதும் மொத விசில். சமூகம் முடிஞ்சதும் ரெண்டாவது. பொருளாதாரத்துக்கு நடுவுல மூணாவது, நீ கூட ஒரு சொல்ல முழுங்கிட்ட. இன்னிக்கு வரிசையா விசில நெனச்சேன், காரணம் தன்னால வந்துச்சு."

"நாலாவது?"

"அதுக்கு விசில் இல்ல. டீச்சர் பேனாவ வச்சுட்டுக் காத்துட்டிருந்தாங்க. அரை நிமிஷம் ஒண்ணுமே வரல. அப்புறம், 'ஏ பேச்சி, அடுப்ப அணைடி'ன்னு உங்கம்மா கத்துறது கேட்டுச்சு. அடுத்த வரி அறிஞர்களோட பங்கு."

கேட்டில் நின்று இருவரும் சிரித்ததில் வாட்ச்மேன் எங்களை வெளியே போகச் சொன்னார். போகும் வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பொருளியலுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, மாலையில் வந்து இரண்டு பாடம் வாசித்துக் காட்டு என்றாள். ஜெனிட்டா குரலில் அவை நன்றாகத்தானே இருக்கின்றன என்றேன்.

"இருக்கு. ஆனா அவங்க வீட்ல யாருமே சமைக்கிறதில்ல," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து மதிப்பெண்ணில் கால்வாசி உன் சத்தத்துக்குத்தான் சேர வேண்டும் என்றேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நாலு தடவ கத்துனேன். நீ தலையத் தூக்காம வாசிச்சுக்கிட்டே இருந்த. பருப்பு கருகிப்போச்சு."